பத்து வருஷத்துக்கும் ஒரே ரேட்

கார்த்திகேசு வாசித்தார். புனிதா டிக் அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் ஏழாவது மாடி. சாப்பாட்டு மேசையில் இரண்டு கோப்பை கோப்பி, ஒரு தட்டு மரிபிஸ்கட், இரண்டு தாள்கள். ஒரு தாள் அவர் கையால் எழுதியது. இன்னொன்று புனிதா இணையத்திலிருந்து இறக்கி அச்சடித்தது. அவர் தன் தாளைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, அவள் அச்சுத் தாளில் அதே இலக்கத்தின் தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கீற்று போட வேண்டும். இலட்சம், கோடி என்று சேர்த்துச் சொல்வது கிடையாது. பூஜ்யத்தைக்கூட விடமாட்டார்.

"இந்தோனேசியா. ஏத்துமதி. டன். நாலு, ஏழு, பூஜ்யம்... டிக் அடிச்சியா?"

"அடிச்சேன்பா."

"சத்தம் வரலையே."

"பென்சிலுக்குச் சத்தமா வரும்?"

"எனக்குக் கேக்கும்."

வேலை பார்த்த காலம் முழுக்க அவர் பழகிய முறை இது. எழுதியவன் வாசிக்க வேண்டும், மற்றவன் டிக் அடிக்க வேண்டும். எழுதினவன் டிக் அடிக்கக் கூடாது. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பார்.

அவர் கிள்ளான் மேரு சாலையில் ஓர் அட்டை ஆலையில் முப்பத்தோரு வருஷம் கிராணியாக, ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்தவர். பழைய அட்டைப்பெட்டிகளைக் கரைத்துப் புது அட்டை செய்யும் ஆலை. கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்குச் சுங்கப் பாரம், அதாவது படிவம், நிரப்புவது அவர் வேலை. சுங்கப் புத்தகத்தில் உலகத்திலுள்ள சரக்கு எல்லாவற்றுக்கும் ஓர் அத்தியாய எண் உண்டு. காகிதமும் அட்டையும் நாற்பத்தெட்டு. அந்தப் பேச்சு வீட்டுக்கும் வந்துவிட்டது. கோப்பி ஒன்பது. குடை அறுபத்தாறு. அம்மாவின் பட்டுச் சேலை ஐம்பது. "அம்பதக் கட்டிக்கிட்டு மழையில போறியே, அறுவத்தாறு எடுத்துக்கலையா?" என்று அவர் கேட்பதும், "ஒங்க வாயில போட ஏதாச்சும் நம்பர் இருக்கா?" என்று அம்மா திருப்பிக் கேட்பதும் புனிதாவின் சிறுவயதில் வாரம் ஒருமுறையாவது நடக்கும். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

அவர் பென்சிலைப் புதிதாக வாங்கியதும் இரண்டாக உடைப்பார். ஒரு பாதி தொலைந்தாலும் இன்னொரு பாதி இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பாதி. சிரிப்பது குறைவு. ரயிலைத் தவறவிட்டது கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு கோயில், சங்கம், கல்யாணம் எதிலும் பெரிய பிடிப்பு இல்லை. ஒரே ஒரு வேலையை மட்டும் விடவில்லை. வருஷத்துக்கு ஒரு வரி எழுதுவார். மலேசியா வெளியே விற்ற காகிதமும் அட்டையும் எத்தனை டன், இந்தோனேசியா விற்றது எத்தனை டன். 1988இல் தொடங்குகிறது அந்த அட்டவணை. முன்பு இதற்காகப் புள்ளிவிவர இலாகாவின் நூலகத்துக்குப் பஸ் ஏறிப் போவார். சில வருஷமாகப் புனிதாவிடம் கேட்கிறார். ஓய்வுபெற்ற கிராணியின் பொழுதுபோக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவள் வேலை ரவாங்கில், தராசும் அளவுக் கருவிகளும் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுப்பது. எண்ணைத் துரத்தும் ஆள் அவளுக்குப் புதிதல்ல.

கடைசி இலக்கத்துக்கும் கீற்று விழுந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சனிக்கெழம நீ ஃப்ரீயா? சுங்கை வே போவணும். சின்னையா வீட்டுக்கு."

"சின்னையா மாமாவா? என்ன விசேஷம்?"

"இதக் குடுக்கணும்."

"இதையா? இத வச்சு அவர் என்னப்பா பண்ணுவாரு?"

கார்த்திகேசு பிஸ்கட்டை எடுத்தார், வைத்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்னார்.

1998 அக்டோபர். ஆலையின் சீன முதலாளி, எல்லாரும் தவுக்கே என்று கூப்பிடும் கிழவர், அவரைக் கூப்பிட்டு ஒரு பக்கக் கணக்கு கேட்டார். இருக்கிற பழைய அட்டை மெஷினைச் செலவு செய்து புதுப்பிப்பதா, நிறுத்திவிட்டு வெளிநாட்டு அட்டையை வாங்கி வெட்டி விற்பதா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாட்டுக்காரன் எவ்வளவு விற்கிறான், நாம் எவ்வளவு விற்கிறோம், பத்து வருஷத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டு என்றார்.

மலேசியப் புத்தகம் ரிங்கிட்டில் இருந்தது. இந்தோனேசியப் புத்தகம் அமெரிக்க டாலரில் இருந்தது. டாலரை ரிங்கிட்டாக மாற்ற வேண்டும். கார்த்திகேசு தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார். சுங்கத்துறை அனுப்பும் மாற்று விகிதத் தாள் அங்கேதான் ஒட்டியிருக்கும். அன்றைக்குச் சுவரில் என்ன இருக்கிறதோ அதுதான் ரேட். பாரத்தில் வேறு எதைப் போட்டாலும் அதிகாரி திருப்பி அனுப்பிவிடுவான். அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவை அவர் கழுத்து அந்தச் சுவருக்கு நிமிர்ந்திருக்கிறது. அன்றும் நிமிர்ந்தது. டாலருக்கு இத்தனை ரிங்கிட் என்று அரசாங்கம் கட்டிப்போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று எண்பது. பத்து வருஷத்தையும் மூன்று எண்பதால் பெருக்கினார்.

"அந்தப் பத்து வருஷத்துல டாலரு ரெண்டரை ரிங்கிட்டு பக்கத்துலதாம்மா இருந்திச்சு," என்றார்.

புனிதாவுக்கு உடனே விளங்கிவிட்டது. இந்தோனேசியாவின் ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக வீங்கியிருக்கும். மலேசியாவின் எண்கள் ரிங்கிட்டிலேயே இருந்ததால் அப்படியே நின்றிருக்கும்.

"யாரும் பாக்கலையா?"

"பாத்தான். சின்னையா பாத்தான். அவன்தான் டிக் அடிச்சான்."

சின்னையா மெஷின் பக்கத்து ஆள். சுருள் சுருளாக வெளியே வரும் அட்டையை எடை போட்டு எழுதுபவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசுக்கு வந்து கார்த்திகேசுக்கு டிக் அடித்துக் கொடுப்பார். அன்றும் வந்தார். ஒவ்வோர் இலக்கத்துக்கும் கீற்று போட்டார். இரண்டு தாளும் ஒன்றுபோல் இருக்கிறதா என்றுதான் டிக் அடிப்பவன் பார்ப்பான். பெருக்கியது எந்த ரேட் என்று பார்ப்பது அவன் வேலையில்லை. ஆனால் முடித்துவிட்டு ஒன்று கேட்டார்: 'டன்னுல போடலையாடா? எடைக்கு ரேட் கெடையாதே.' அதற்குக் கார்த்திகேசு, 'தவுக்கே ரிங்கிட்தான் படிப்பாரு, நீ போய்ச் சாப்புடு' என்றார்.

சீனப் புத்தாண்டு முடிந்ததும் மெஷினை நிறுத்தினார்கள். முப்பத்தொரு பேருக்கு வேலை போயிற்று. அதில் சின்னையா ஒருவர்.

"நீங்க எப்பப்பா கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டாயிரத்து அஞ்சு, ஜூலை."

ரிங்கிட்டின் கட்டை அவிழ்த்துவிட்ட மாதம். ஏழு வருஷமாகச் சுவரில் மாறாமல் இருந்த மூன்று எண்பதை உரித்துவிட்டுப் புதுத் தாளை ஒட்டப் போயிருக்கிறார். எண் மாறியிருந்தது. பசை போட்ட தாளைக் கையில் பிடித்தபடி நின்றாராம். ரேட் என்பது மாறுவது. அப்படியானால் அந்தப் பத்து வருஷம்? அன்றைக்கு அந்தத் தாளைக் கோணலாக ஒட்டினார். அப்போது தவுக்கே இறந்து இரண்டு வருஷம். சொல்வதற்கு மிச்சமிருந்தது சின்னையா ஒருவர்தான்.

"பத்தொம்போது வருஷமா சொல்லாமயா இருக்கீங்க?"

"சும்மா போய் என்னான்னு சொல்றது? தப்பாப் பெருக்கிட்டேன்டான்னா? சரியாப் பெருக்கியிருந்தா என்னா ஆயிருக்கும்னு கேப்பான் இல்ல? அதுக்குப் பதில் வேணும்ல. அதான் டன்னுல போட்டுப் பாத்தேன். அடுத்த வருஷம் தெரியும், அடுத்த வருஷம் தெரியும்னு..."

டன்னில் போட்டாலும் இந்தோனேசியாவின் கோடு மலை மாதிரிதான் ஏறியது. ரிங்கிட்டில் சரியாகப் போட்டால் இடைவெளி மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. ஒரு பக்கம் பார்த்தால் மெஷின் எப்படியும் நின்றிருக்கும். இன்னொரு பக்கம் பார்த்தால் நின்றிருக்காது. இதற்குள் சீனா பழைய காகிதம் வாங்குவதை நிறுத்த, சீனக் கம்பெனிகளே இங்கே பந்திங் பக்கம் வந்து அதைக் கரைக்கப் பெரிய பெரிய ஆலைகளைப் போட்டன. இத்தனை வருஷம் தரையோடு கிடந்த மலேசியாவின் கோடு தலையைத் தூக்கியது. அந்த இடத்தில் கார்த்திகேசு விரலை வைத்தார்.

"இந்த நாட்டுல நாப்பத்தெட்டு ஓடாதுன்னு எழுதிக் குடுத்தவன் நான். பாரு, ஓடுது."

புனிதா தாளைப் பார்த்தாள். அளவுக் கருவிக்குச் சான்று எழுதுகிறவள் பேசுவதுபோலப் பேசினாள்.

"அப்பா, இதுல ரெண்டு கோடு இருக்கு. அவ்வளவுதான். அன்னைக்கு அந்தத் தவுக்கே மனசுல என்ன ஓடிச்சுன்னு இதுல இல்ல. இன்னும் அம்பது வருஷம் சேத்தாலும் வராது."

சொன்னது சரிதான். அதனால்தான் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வழியில்லை.

அவர் கோபப்படவில்லை. தாளை நான்காக மடித்து, பழுப்பு உறையில் போட்டு, மேலே 'சின்னையா, சுங்கை வே' என்று எழுதினார். எழுந்து போய்ச் சுவர்க் காலண்டரில் சனிக்கிழமைக் கட்டத்தில் பென்சிலால் குறித்தார்: 'சி. வீடு. 10 மணி.' முடித்த வேலைக்கு அந்தக் கட்டத்திலேயே டிக் விழும். மருந்து வாங்கியது, கரண்டு பில், புனிதாவின் காருக்கு ரோடு டேக்ஸ் எல்லாவற்றுக்கும் விழுந்திருந்தது.

"அப்ப வராதுங்கிற," என்றார் முதுகைக் காட்டிக்கொண்டு.

"வராதுப்பா."

"சரி. அப்ப இருக்கிறதக் குடுத்துருவோம்."

வியாழக்கிழமை காலை, குளியலறை வாசலில் விழுந்தார்.

அரசாங்க மருத்துவமனை. இடப்பக்க மூளையில் இரத்த அடைப்பு. வலது கையும் பேச்சும் போய்விட்டன. டாக்டர் சின்ன வயசு மலாய்க்காரப் பெண். பொறுமையாகச் சொன்னாள்: வீக்கம் வடியும்வரை பார்க்க வேண்டும். எத்தனை நாள் என்று புனிதா கேட்டாள். சொல்ல முடியாது என்றாள். எத்தனை சதவீதம் என்று கேட்டாள். அதையும் சொல்ல முடியாது, மன்னிக்கணும் என்றாள். புனிதாவின் தொழிலில் எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் கூட்டல் கழித்தல் போட்டு, இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று எழுதித்தான் கையெழுத்திடுவாள். இங்கே எழுதுவதற்கு எண்ணே இல்லை.

மூன்றாம் நாள் அவர் கண் விழித்தார். இடது கையைத் தூக்கி எதையோ காட்டினார். புனிதா தண்ணீர் என்று நினைத்தாள். தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று மிஸ்ஸி, அந்த வார்டு நர்ஸ், சொல்லியிருந்தாள். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடி என்று நினைத்துப் போட்டுவிட்டாள். கை இன்னும் காட்டியது. குளிரா? போர்வையை இழுத்துவிட்டாள். வலியா? அம்மாவா? அந்தக் கை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஆடியது, சரியென்றும் இல்லை, தப்பென்றும் இல்லை.

அன்று சனிக்கிழமை. பார்வையாளர் நேரம் தொடங்கியபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. ஓட்டமும் நடையுமாகக் காருக்குப் போய், பிரிக்பீல்ட்ஸ் போய், உறையை எடுத்துக்கொண்டு வந்தாள். நடுவில் ரயில் நிலையத்துப் பக்கம் நெரிசல். திரும்பி வரும்போது பார்வையாளர் நேரம் முடிய எட்டு நிமிஷம் இருந்தது.

உறையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இதாப்பா? சின்னையா மாமாவா? நான் குடுத்துடவா?"

அவர் உறையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவள் தன் பையிலிருந்து பென்சிலை எடுத்து அவர் இடது கையில் வைத்தாள். உறையின் பின்பக்கத்தைக் காட்டினாள். பென்சில் நகர்ந்தது. சாய்வாக ஒரு கோடு. அவ்வளவுதான். பென்சில் கட்டிலுக்கு அடியில் உருண்டது.

அந்தக் கோடு ஒரு டிக்கின் பாதியாக இருக்கலாம். வேண்டாம் என்று அடித்ததாக இருக்கலாம். கை நழுவியதாக இருக்கலாம். அவள் அதைக் கைப்பேசியில் படம் எடுத்தாள். வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தாள். எட்டு சென்டிமீட்டர் நீளம், மேலிருந்து கீழாக, கடைசியில் அழுத்தம் குறைந்திருந்தது. அதற்கு மேல் அதிலிருந்து எதையும் எடுக்க அவளால் முடியவில்லை.

அதன்பின் எட்டு நாள் அவர் கண்ணைச் சரியாகத் திறக்கவில்லை. அவள் தினமும் போனாள். பேச எதுவும் இல்லாதபோது அட்டவணையை வாசித்தாள். 1988. மலேசியா. டன். இலக்கம் இலக்கமாக, பூஜ்யத்தைக்கூட விடாமல். பக்கத்துக் கட்டில் ஆள் ஒருநாள் கேட்டார்:

"என்னாம்மா இது, லாட்டரி நம்பரா?"

"இல்ல அங்கிள். பேப்பர்."

"பேப்பரா? எனக்கும் ரெண்டு நம்பர் சொல்லும்மா. அதிர்ஷ்டம் யாருக்கு வருதுன்னு பாப்போம்."

2011 வரை வாசித்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் திங்கட்கிழமை காலை, அவள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது அழைத்துச் சொன்னார்கள்.

ஈமக்காரியம் செவ்வாய்க்கிழமை. ஆலையில் வேலை பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் கிள்ளானிலிருந்து வந்தார்கள். சின்னையா வரவில்லை. மகள் மலர் போனில் அழைத்தாள்: "அக்கா, இன்னைக்கு அப்பாவுக்கு டயலிசிஸ் நாளு. விட்டா மூச்சு வாங்கும். அழுதுகிட்டே மெஷின்ல படுத்திருக்காரு. தப்பா நெனைக்காதீங்க." செவ்வாய், வியாழன், ஞாயிறு அவருக்கு மெஷின். அப்பா சனிக்கிழமை என்று குறித்தது ஏன் என்று புனிதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. வந்தவர்கள் போட்ட மாலைகள் பெட்டிமேல் குவிந்து கிடந்தன. பூ, ஆறு. அப்பாவின் சுங்க எண் அவளுக்குத் தானாகவே வந்தது.

கருமாதி முடிந்த அடுத்த சனிக்கிழமை, பத்து மணிக்கு, அவள் சுங்கை வே போனாள்.

பழைய மலிவுவிலை அடுக்குமாடி. நான்காம் மாடி. லிப்டு வேலை செய்தது. உறை கைப்பையில் இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தாள்: மாமா, அப்பா ஒரு தப்பு பண்ணிட்டாரு, அத ஒங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தாரு. மூன்று துண்டு. இதில் பொய் எதுவும் இல்லை. கொடுத்துவிட்டு வந்தால் அப்பா ஒரு வேலையை முடித்த ஆளாக ஆகிவிடுவார். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மலர் கதவைத் திறந்தாள். சின்னையா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது முழங்கையில் பஞ்சும் பட்டையும். மெலிந்துபோயிருந்தார். அவளைப் பார்த்ததும் எழ முயன்று, முடியாமல் கையை நீட்டினார்.

"வாம்மா. வா. ஒங்கப்பன் முந்திக்கிட்டான் பாத்தியா. மெஷின்ல படுத்துக் கெடக்கிறவன் நானு, போனவன் அவன். வரிசையில நிக்கத் தெரியாத பய."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மலர் கோப்பி கலக்கப் போனாள்.

"ஞாபகம் இருக்கா? ஒனக்குச் சுருள் முனையில வெட்டின அட்டை கொண்டாந்து குடுப்பேன். கணக்கு போட."

"இருக்கு மாமா. ஸ்கூல்ல எல்லாரும் நோட்டுல எழுதுவாங்க, நான் அட்டையில எழுதுவேன்."

"அதான் இஞ்சினியரா வந்த. ஒங்கப்பன் ஒரு பென்சில் வாங்கிக் குடுத்திருப்பானா? பாதிப் பென்சில் குடுத்திருப்பான்." சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி நின்றது. "அவன்கூட ஒக்காந்து எத்தன பேப்பருக்கு டிக் அடிச்சிருக்கேன் தெரியுமா? எனக்கு வேல போன பேப்பருக்கும் நான்தான் டிக் அடிச்சேன். உலகத்துல எவனாச்சும் அப்புடிப் பண்ணியிருப்பானா?"

சமையலறையிலிருந்து மலர் குரல் கொடுத்தாள். "ஆரம்பிச்சாச்சு. அக்கா, இந்தக் கத சொல்லாம அவருக்கு மெஷின் ஓடாது. அங்க உள்ள மிஸ்ஸிங்க எல்லாருக்கும் மனப்பாடம். ஒருத்தி மலாய்லயே சொல்லுவா."

"நீ சும்மா இரு லா." சின்னையா புனிதா பக்கம் குனிந்தார். "கேளும்மா. அந்த வருஷம் நம்ம அட்டையில எட கொறையுதுன்னு கம்ப்ளைன் வந்திச்சு. மூணு கஸ்டமரு. எட போட்டது யாரு? நானு. தப்பு தராசுலயா, நம்ம கையிலயா, ஒன்னும் தெரியல. அப்பதான் மெஷின நிறுத்தப் போறாங்கன்னு சொன்னாங்க. என்னாலதான் முப்பது பேருக்கு வேல போவுதுன்னு நெனச்சேன். தூக்கம் கெடையாது. ஒரு நாளு கிள்ளான் பாலத்துமேல நின்னுக்கிட்டு இருந்தேன். வேற ஒன்னும் கேக்காத."

புனிதா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அடுத்த நாளு ஒங்கப்பன்கிட்டப் போய்ச் சொன்னேன். என் தராசாலதாண்டா போச்சுன்னு. அவன் என்னா பண்ணான் தெரியுமா? மேசைய தெறந்து அந்தப் பேப்பரோட காப்பிய எடுத்துப் போட்டான். 'நீ டிக் அடிச்ச பேப்பருதான? பாரு. இந்தோனேசியாக்காரன் எங்க நிக்கிறான், நாம எங்க நிக்கிறோம்? இதுல ஒன் தராசு எங்க வருது?'ன்னான். பாத்தேன். ஆமா. எவ்வளவு வித்தியாசம்! காடே வச்சிருக்கிறவன்கிட்ட நாம பழைய பொட்டிய கரைச்சுக்கிட்டு நின்னா நடக்குமா? யாரு தப்பும் இல்ல. எவனாலயும் ஒன்னும் பண்ணியிருக்க முடியாது. அன்னைக்குத்தான் ஒழுங்காச் சாப்புட்டேன்."

மலர் கோப்பியை வைத்தாள்.

"அந்தக் காப்பிய மடிச்சு வச்சிருந்தாரு," என்றாள். "வீடு மாறும்போது கரையான் தின்னுருச்சு. அதுக்கு ஒரு வாரம் எங்ககூட பேசல."

புனிதா கோப்பியைக் கையில் எடுத்தாள். சூடு தெரியவில்லை. அப்பா இதைச் சொல்லவில்லை. தப்பான பக்கத்தைத் தவுக்கேயிடம் கொடுத்ததை மட்டும்தான் சொன்னார். அதே பக்கத்தை எடுத்து இந்த மனிதனைப் பாலத்திலிருந்து இறக்கியதைச் சொல்லவில்லை. 2005 ஜூலையில், பசை போட்ட தாளோடு நின்ற அந்த நிமிஷத்தில், அவர் கையிலிருந்து வழுக்கியது ஒரு ரேட் மட்டுமல்ல, சின்னையாவுக்குச் சொன்ன ஆறுதலும்தான். பத்தொன்பது வருஷம் அவர் தேடியது என்ன என்று இப்போது தெரிந்தது. இடைவெளி உண்மையிலேயே அவ்வளவு பெரியது, சின்னையாவின் தராசு அதில் வராது என்று சரியான கணக்கிலும் சொல்ல முடிகிற ஒரு வருஷம். அது கிடைத்திருந்தால் மறுநாளே பஸ் ஏறியிருப்பார்.

கிடைக்கவில்லை. வராது என்று அவரிடம் சொன்னது அவள்.

"ஒங்கப்பன் போன் பண்ணான்," என்றார் சின்னையா. "விழுறதுக்கு மூணு நாளு முன்னாடி. சனிக்கெழம வர்றேன், ஒரு பேப்பர் கொண்டாறேன்னான். என்னாடான்னு கேட்டா, வந்து சொல்றேங்கிறான். என்னாம்மா பேப்பரு அது?"

கைப்பை மடியில் இருந்தது. உறையின் முனை விரலில் பட்டது. சொல்லிப் பார்த்த மூன்று துண்டும் நினைவில் வரிசையாக நின்றன. மலரும் நின்றுகொண்டு பார்த்தாள். கீழே யாரோ மோட்டார்சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை.

"பழைய கணக்குதான் மாமா. மலேசியாவும் இந்தோனேசியாவும். இது வரைக்கும் போட்டிருக்காரு."

"ரிங்கிட்லயா, டன்லயா?"

"டன்ல."

சின்னையா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"அப்புடியா. டன்னுதான் சரி." முழங்கைப் பட்டையைத் தடவினார். "கொண்டாந்திருக்கியா?"

"இன்னும் முடியல மாமா," என்றாள் புனிதா. "ஒரு வருஷத்து நம்பர் வரணும்."

"அவனுக்கு எப்பவும் ஒரு நம்பர் வரணும்."

"ஆமா."

"சரி, வரட்டும். வந்ததும் எழுதிக் கொண்டா. சனிக்கெழமையா பாத்து வா. நீ வாசி, நான் டிக் அடிக்கிறேன். எழுதினவங்க டிக் அடிக்கக்கூடாது, தெரியுமில்ல?"

"தெரியும் மாமா."

மலர் லிப்டுவரை வந்தாள். கதவு மூடும்போது, "சீக்கிரம் வாங்கக்கா, அவருக்கு ரொம்ப நாளு இல்ல," என்றாள், மாமாவுக்குக் கேட்காத குரலில்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் காலண்டர் அந்த மாதத்திலேயே நின்றிருந்தது. அவள் உறையை மேசையில் வைத்தாள். முன்பக்கம் பெயர், பின்பக்கம் அந்தச் சாய்ந்த கோடு. சனிக்கிழமைக் கட்டத்தில் 'சி. வீடு. 10 மணி.' பக்கத்தில் டிக் இல்லை. ஒரு பாதிப் பென்சில் காலண்டருக்குக் கீழே, அவர் வைத்த இடத்திலேயே இருந்தது.